கழுத்தில் அளந்த இடுப்பு

மகனே, நான் சொல்லாவிட்டால் பக்கத்து வீட்டு சிரியானி அக்கா எப்படியும் உனக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுவார், அதனால் நானே முந்திக்கொள்கிறேன். நீ அலுமாரியில் விட்டுப்போன கறுப்பு டெனிமை நேற்று நான் போட்டுப் பார்த்தேன். வயது ஐம்பதைத் தொடப் போகிறது, இந்த உடம்பில் கவுனும் சேலையும் தவிர வேறொன்றும் ஏறியதில்லை. குசினிக் கதவைச் சாத்திக்கொண்டுதான் போட்டேன். ஜன்னலைச் சாத்த மறந்துவிட்டேன். கறிவேப்பிலை பிடுங்க வந்த சிரியானி அக்கா கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நங்கி எங்க போறது?" என்று சிங்களத்தில் தங்கச்சி முறை வைத்துக் கேட்டார். "ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க, அக்கே. மகன் வரமாட்டானாம், நானே போறேன்" என்றேன். சிரித்த சிரிப்பில் கறிவேப்பிலையை அங்கேயே போட்டுவிட்டுப் போய்விட்டார். அதை நான் பொறுக்கி எடுத்து மாலைக் குழம்புக்குப் போட்டேன், அது வேறு கதை.

சும்மா ஆசைக்குப் போடவில்லையடா. செவ்வாய்க்கிழமை நீ போனில் பேசியதிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. உலை வைத்துவிட்டு அரிசி போட மறக்கிறேன். கடைக்குப் போனால் வீட்டு நினைப்பு, வீட்டுக்கு வந்தால் கடை நினைப்பு. "குட்டி போட்ட பூனை மாதிரி ஏன் இங்கயும் அங்கயும் நடக்குற, ஒக்காரு" என்று உங்கப்பா சொல்கிறார். உட்கார்ந்தால் அலுமாரிதான் கண்ணுக்குத் தெரிகிறது. "அம்மா, நான் வரல. அவங்க வீட்டுக்குச் சொல்லிருங்க" என்றாய். ஏன்டா என்றேன். "கோட்டு சூட்டு வேணாம், சும்மா சாதாரணமா வரச் சொல்லுங்கன்னு அந்தப் புள்ள சொல்லியிருக்கு. சாதாரணமா வர்றதுக்கு எங்கிட்ட என்னம்மா இருக்கு? எதைப் போட்டாலும் சாக்குல போட்டுக் கட்டுன மாதிரி இருக்கு." அப்ப கோட்டே போட்டுட்டு வா என்றேன். "ஏரிக்கரையில டீ குடிக்கவா கோட்டு?" என்று கேட்டு, மீட்டிங் என்று வைத்துவிட்டாய். இரவு எட்டு மணிக்கு என்ன மீட்டிங் என்று நான் கேட்கவில்லை. நானும் சில நேரம் நல்லவள்தான்.

உனக்கு அந்தப் பிள்ளையைப் பிடிக்கவில்லையென்றால் நான் இந்தப் பேச்சையே எடுக்கமாட்டேன். தெல்தோட்டையில் டீச்சர் வேலை, சொந்தச் சம்பளம், பெரியவர்கள் யாரும் வேண்டாம், நாங்கள் இரண்டு பேர் மட்டும் கண்டியில் உட்கார்ந்து பேசிப் பார்க்கிறோம் என்று நேரே சொல்லி அனுப்பியிருக்கிறது. என்னை வீட்டிலேயே இருக்கச் சொன்ன முதல் ஆள் அதுதான், எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. நீ என்ன செய்தாய்? போட்டோ அழிந்துவிட்டது, திரும்ப அனுப்புங்கள் என்றாய். அனுப்பினேன். ஒரு கிழமை கழித்து மறுபடியும் அழிந்துவிட்டது என்றாய். கொழும்பில் வேலை செய்வதே போன் கம்பனியில், உன் போனில் மட்டும் அந்த ஒரு போட்டோ நிற்கமாட்டேன் என்கிறதா? ஆக, பிள்ளையைப் பிடித்திருக்கிறது. பிடித்த பிள்ளைக்கு முன்னால் போய் நிற்க உன் உடம்பு பிடிக்கவில்லை. அதுதானே விசயம்.

வொய்ஸ் அனுப்பினால் நீ அதை வேகமாக ஓடவிட்டுக் கேட்கிறாய் என்று எனக்குத் தெரியும், உன் பெரியம்மா மகன் சொல்லிவிட்டான். அம்மாவின் பேச்சு அணில் பேச்சு மாதிரி இருக்கிறதாமே. அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தை வேகமாக ஓடவிட முடியாது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், பிழை இருந்தால் சிரித்துக்கொள், ஆனால் கடைசி வரை படி.

டெனிமுக்கு வருகிறேன். அது என் இடுப்பில் ஏறாது, தொடையிலேயே மாட்டிக்கொள்ளும், அதை வைத்துக் கொஞ்சம் சிரிக்கலாம் என்றுதான் போட்டேன். ஏறியது. பட்டனும் போட முடிந்தது. போட்டதோடு நிற்காமல் பக்கத்தில் ஒரு விரல் விட இடமும் இருந்தது. என் இடுப்பு எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும், பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் எனக்குப் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. என் இடுப்புக்கு லூசாக இருக்கிற டெனிம் எப்படியடா உன் இடுப்புக்குச் சரியாக இருக்கும்? அப்படியே குசினி நடுவில் நின்றுவிட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அணைத்துவிட்டு அலுமாரிக்கு ஓடினேன். உன் பழைய பெல்ட் ஆணியில் தொங்கியது. கடையில் போட்டுக் கொடுத்த ஓட்டைகள் எல்லாம் புதுசு மாதிரி இருக்கின்றன. அவற்றைத் தாண்டி, நீயே கம்பியைச் சுட்டுப் போட்ட ஓட்டை ஒன்றுதான் இழுபட்டு நீண்டு, அந்த இடத்தில் தோலே வெடித்திருக்கிறது. பக்கிளிலிருந்து அந்த ஓட்டை வரை டேப் வைத்துப் பார்த்தேன். முப்பத்திநாலு. டெனிமை அளந்தேன். முப்பத்தெட்டு. உன் இடுப்பு முப்பத்திநாலுடா. இத்தனை வருசமாக முப்பத்தெட்டைப் போட்டு, இறுக்கிக் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறாய்.

இதை யார் செய்தது என்று கேட்டால், கை தூக்கவேண்டியவள் நான்தான். நம் கடையில் லேபலோடு வருகிற உடுப்பு எது? பெக்டரியில் மிஞ்சிய சாமான், லேபலை வெட்டித்தான் அனுப்புகிறார்கள். சைஸ் தெரியாது. கண்டி நடைபாதையில் யார் லோங்ஸைக் கழற்றிப் போட்டுப் பார்ப்பது? அதனால் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். பட்டனைப் போட்டு, இடுப்புப் பட்டியை ஆளின் கழுத்தில் சுற்று, இரண்டு முனையும் பிடரியில் தொட்டால் இடுப்புக்குச் சரி, விலையைப் பேசு. ஊர் முழுக்க இப்படித்தான் வாங்குகிறது, ஊர் முழுக்க ஏறக்குறையச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் உனக்கு இருப்பது உங்கப்பா வீட்டுத் தடித்த கழுத்து. அந்த வீட்டில் யாருக்கும் தலைக்கும் தோளுக்கும் நடுவில் வேறு எதுவும் கிடையாது, தலை நேரே தோளில் இறங்கி நிற்கும். அந்தக் கழுத்தைச் சுற்றி நான் இடுப்பை அளந்தேன். நீ பத்தாம் வகுப்புப் படிக்கும்போது தொடங்கியது. பிறகு நீ கொழும்புக்குப் போய், ஏசி போட்ட கடையில் நின்று, "முப்பத்தெட்டு குடுங்க" என்று நீயே கேட்க ஆரம்பித்துவிட்டாய். அங்கே போட்டுப் பார்க்க அறை இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது. நீ உள்ளே போகமாட்டாய். எனக்குத் தெரியும். கண்ணாடிக்கு முன்னால் நிற்பது உனக்குப் பல் பிடுங்குவது மாதிரி.

இப்போது யோசித்துப் பார். லோங்ஸ் பெரிசு, அதனால் பெல்ட்டை இறுக்குகிறாய். இறுக்கினால் பின்னால் துணி கொசுவம் மாதிரி மடிகிறது. அந்த மடிப்பு தெரியக்கூடாது என்று தொடை வரை டீசேர்ட் போடுகிறாய். அது நீளத்துக்காகப் பெரிய சைஸ், அதனால் தோள் தையல் கைக்கு இறங்குகிறது. கீழே லோங்ஸ் கால் மிஞ்சி சப்பாத்துக்கு மேல் குவிகிறது. மேலேயும் குவியல், கீழேயும் குவியல், நடுவில் ஆளைக் காணோம். பிறகு கண்ணாடியில் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, என் உடம்பு இப்படித்தான் என்று முடிவு கட்டிவிட்டாய். நானும் என்ன செய்தேன், சிரிக்கட்டும் என்று உனக்குத் தண்ணி டேங்க் என்று பேர் வைத்தேன். நீயும் சிரித்தாய். நேற்று வீட்டில் இருக்கிற போட்டோக்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் கதிரைக்குப் பின்னால் நிற்கிறாய், ஒன்றில் சித்தப்பாவுக்குப் பின்னால், கெலிஓயா கலியாணத்தில் ஒரு பூச்சாடிக்குப் பின்னால். பூச்சாடி நன்றாக விழுந்திருக்கிறது. அந்தப் பேரை இனிமேல் சொல்லமாட்டேன். வேறு பேர் யோசித்து வைக்கிறேன்.

உடம்பில் குறையில்லை என்று பொய் சொல்லமாட்டேன். தொப்பை கொஞ்சம் இருக்கிறது, கால் கட்டை, தோள் அகலம். உன் உடம்புக்காரர்கள் நம் கடைக்கு எத்தனை பேர் வருகிறார்கள். எல்லோரும் வந்தவுடன் கறுப்பில் பெரிசு கேட்பார்கள். நான் கறுப்பை மறைத்து வைத்துவிட்டு முதலில் தோளைத்தான் பார்ப்பேன். சட்டையின் தோள் தையல் உன் தோள் எலும்பு முடிகிற இடத்தில் முடியவேண்டும், அங்கே சரியென்றால் மற்ற இடத்தில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பார்க்க நன்றாக இருக்கும். கடவுள் உனக்கு அகலத் தோள் கொடுத்திருக்கிறார், அதைக் கைவரை இழுத்துவிட்டால் அது தோள் இல்லை, சரிவு. போன மாதம் ஒரு பெரிய வேன் டிரைவர் வந்தார், உன்னை மாதிரியே. "அக்கா, வயிறு தெரியாம ஒண்ணு குடுங்க" என்றார். "வயித்தை ஏன் மறைக்கிறீங்க, தோளைக் காட்டுங்க, பாக்கிறவங்க அங்கயே நின்னுடுவாங்க" என்றேன். ஒரு சாம்பல் டீசேர்ட்டைப் போட்டு, அதற்கு மேல் பட்டன் போடாமல் ஒரு நீலச் சட்டையைத் திறந்தபடி மாட்டிவிட்டேன். இரண்டு பக்கமும் நீலம் நேராக இறங்குகிறது, நடுவில் சாம்பல் ஒரு கோடு மாதிரித் தெரிகிறது. ஆள் ஒரு சாண் வளர்ந்துவிட்டார். வேன் கண்ணாடியில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து அதே மாதிரி இன்னொன்று வாங்கினார். நீயும் அப்படிப் போடு. உள்ளே போடுகிற டீசேர்ட் வட்டக் கழுத்து வேண்டாம், முன்னால் கொஞ்சம் இறங்கியதாக இருக்கட்டும், உனக்குக் கழுத்து இருக்கிறது என்று ஊருக்குத் தெரியட்டும். நீளம் லோங்ஸ் சிப்பின் பாதியோடு நின்றால் போதும், அதற்குக் கீழே போனால் காலைத் தின்றுவிடும், உனக்கு ஏற்கனவே கால் போதாது. லோங்ஸும் சப்பாத்தும் கிட்டத்தட்ட ஒரே நிறமாக இருந்தால் கால் முடிகிற இடம் தெரியாது. அந்த வெள்ளைப் பக்கிள் பெல்ட்டை மட்டும் தயவு செய்து கொழும்பிலேயே விட்டுவிட்டு வா, அது உன்னை நடுவில் அறுத்து இரண்டு துண்டாக்கிக் காட்டுகிறது. முப்பத்திநாலு போட்டால் பெல்ட்டே தேவைப்படாது.

தனக்குச் சேராததைப் போட்டுக்கொண்டு பெண் பார்க்க வருவது உங்கள் வம்சத்துக்குப் புதுசு இல்லை. உங்கப்பா என்னைப் பார்க்கத் தெல்தோட்டைக்கு வந்த அன்று அவருடைய அண்ணனின் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். அண்ணன் ஒல்லி. வந்ததிலிருந்து கையை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் தேத்தண்ணியை நீட்டினால் கை வரவில்லை. பலகாரத் தட்டை நீட்டினால் குனிந்து பார்த்துவிட்டுப் போதும் என்றார். நான் உள்ளே போனதும் எங்கம்மா என் காதில், "நல்ல பையனாத்தான் தெரியுது, ஆனா ரெண்டு கையும் வெளங்காது போலயே" என்றார். அந்தச் சம்பந்தம் அன்றைக்கே முடிந்துபோயிருக்கும். போகும்போது எங்கள் லயத்து வீட்டு வாசலில் ஒரு குழந்தை தடுக்கி விழப் பார்த்தது, இவர் சட்டென்று எட்டிப் பிடித்தார். கோட்டு கக்கத்திலிருந்து இடுப்பு வரை கிழிந்தது. கை விளங்கும் என்று எல்லோருக்கும் தெரிந்தது, எங்கம்மாவுக்கு நிம்மதி, நான் சரி என்றேன். பிறகு கேட்டால், "கோட்டு போயிருமேன்னு மூச்சே விடலடி, நீ எப்படி இருந்தன்னு கூட நான் சரியாப் பாக்கல" என்கிறார். அதைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன். உடுப்பையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எதிரில் இருக்கிற ஆளைப் பார்க்கமாட்டாய். அந்தப் பிள்ளை என்ன பேசுகிறது, எதற்குச் சிரிக்கிறது, உன்னை எதில் கிண்டல் பண்ணுகிறது, இதெல்லாம் பார்க்கத்தானே போகிறாய். சட்டையை இழுத்து இழுத்து விடவா போகிறாய்?

எழுதும்போதே எழுந்து போய் வாசலைப் பார்த்துவிட்டு வந்தேன். மழை விடுகிற மாதிரி இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் இப்படிப் பெய்தால் ஏரிக்கரையில் எப்படி நடப்பீர்கள் என்று ஒரு கவலை, நீ வராவிட்டால் மழை பெய்தால் என்ன பெய்யாவிட்டால் என்ன என்று இன்னொரு கவலை. நான் இன்னும் அவர்கள் வீட்டுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் அம்மா காலையில் போன் எடுத்து, "மகன் எத்தன மணிக்கு வருவாரு?" என்று கேட்டார். சங்கடமாகப் போய்விட்டது. "பத்து மணிக்குன்னு வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பிள்ளை பத்து மணிக்கு வந்து உட்காரும். நீ வராவிட்டால் தனியாகத் தேத்தண்ணி குடித்துவிட்டு, தன்னைத்தான் உனக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு தெல்தோட்டை பஸ்ஸில் ஏறும். என்ன போட்டுக்கொண்டு போவது என்று அதுவும் அதன் வீட்டு அலுமாரிக்கு முன்னால் நின்றுகொண்டுதானே இருக்கும்? உன் உடம்பு உனக்குப் பிடிக்காததற்கு, அந்தப் பிள்ளை ஏன் தன் உடம்பைச் சந்தேகப்பட வேண்டும்? இது ஒன்றைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மற்றதையெல்லாம் சிரித்துத் தள்ளிவிடுவேன்.

வந்து பேசிப் பார்த்துவிட்டு அந்தப் பிள்ளை உன்னை வேண்டாம் என்று சொல்லட்டும். சொல்ல அதற்கு உரிமை இருக்கிறது. வீட்டுக்கு வா, சோறு போடுகிறேன், ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். ஒரு நாளாவது கேட்கமாட்டேன். ஆனால் உன்னைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லட்டும், நாலு அங்குலம் கூடின ஒரு லோங்ஸைப் பார்த்துச் சொல்லவேண்டாம். அதைவிட மோசம், அது வேண்டாம் என்று சொல்வதற்கு முந்தியே நீ அதன் சார்பில் சொல்லிக்கொள்வது. அந்த வேலையை உனக்கு யார் கொடுத்தது?

ஆகவே நான் இன்று கடையைத் திறக்கவில்லை. முப்பத்திநாலில் இரண்டு லோங்ஸ் எடுத்தேன், ஒன்று கடல்நீலம், ஒன்று சாம்பல். டேப் வைத்துத்தான் எடுத்தேன், பயப்படாதே. திறந்து போட வெளிர்நீலச் சட்டை ஒன்று, உள்ளே போட இரண்டு டீசேர்ட். கால் நீளம் வெட்டவேண்டும், ஆள் வேண்டும். உன் காலும் உங்கப்பா காலும் ஒரே அச்சு என்பதால் அவரைக் கூட்டிக்கொண்டு கெலிஓயாவில் ராசிக் நானா தையல் கடைக்குப் போனேன். நானா திருத்தித் தைப்பதில் கெட்டிக்காரர், வாய் அதைவிடக் கெட்டி. விசயத்தைச் சொன்னதும் உங்கப்பாவின் இடுப்பை அளந்து பார்த்துவிட்டு, "தங்கச்சி, ஒங்கட மாப்புளையும் முப்பத்தெட்டு போட்டுக்கிட்டு இரிக்கிறாரு, இவரும் முப்பத்தஞ்சுதான். குடும்பத்தையே கழுத்துல கட்டி இழுத்திரிக்கீங்க" என்றார். சாம்பல் லோங்ஸைப் போட்டுக்கொண்டு உங்கப்பா கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றார். கொஞ்சம் இறுக்கம்தான், மூச்சைப் பிடித்துக்கொண்டார். திரும்பிப் பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார். வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்க்கிற மனிதன், தன்னை இப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை. "இதுல எனக்குக் கால் இருக்குடி" என்றார். நானா சிரித்தார். நான் சிரிக்கவில்லை, எனக்கு என்னவோ போல் இருந்தது.

சனிக்கிழமை காலை முதல் பஸ் கண்டக்டரிடம் பார்சலைக் கொடுத்துவிடுகிறேன், கொழும்பு புறக்கோட்டையில் பஸ் வந்ததும் வாங்கிக்கொள். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஜன்னலையும் சாத்திக்கொண்டு, முழுக் கண்ணாடிக்கு முன்னால் நின்று போட்டுப் பார். ஓரக்கண்ணால் பார்க்காதே. பிறகு வருகிறேன் என்று ஒரு வார்த்தை அனுப்பு, வேறொன்றும் எழுதவேண்டாம். அந்த ஒரு வார்த்தை வரும்வரை நான் உட்காரமாட்டேன்.

இரண்டு லோங்ஸ் என்று மேலே எழுதியிருக்கிறேன், பார்சலில் ஒன்றுதான் இருக்கும். சாம்பலைக் கழற்றமாட்டேன் என்று உங்கப்பா அதைப் போட்டுக்கொண்டே கிளம்பினார். கெலிஓயாவில் பஸ் வரப் பிந்தியது. பஸ் நிற்கும் இடத்தில் கூரைக்குக் கீழிருந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். அதற்குக் காலையில்தான் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். பின்னால் நாலு கோடு விழுந்திருக்கிறது, நேராகத்தான் இருக்கிறது. கடல்நீலத்தைப் போட்டுக்கொள்.